கூட்டம் பாடாமல் விட்ட சரணம்

யாட்செக் கச்மார்ஸ்கியைப் பற்றி எங்கே படித்தாலும் முதல் வரி ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கிறது. போலந்தில் கம்யூனிச ஆட்சியின் சுவர்களை இடித்துத் தள்ளிய பாடலை எழுதியவர் என்பார்கள். அந்தப் பாடலின் பெயர் 'முரி', அதாவது சுவர்கள். 1980 ஆகஸ்டில் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்க இயக்கமாக எழுந்து, அடுத்த ஆண்டுக்குள் ஏறக்குறைய 1 கோடிப் பேரைச் சேர்த்துக்கொண்டபோது, அந்த இயக்கத்தின் கீதம் போலவே இதைப் பாடினார்கள். இராணுவச் சட்டம் வந்தபின் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டவர்களும் பாடினார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த முதல் வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ உறுத்தும். காரணம், பாடலில் சுவர்கள் விழுவதில்லை. பல்லவியில் விழும் விழும் என்று பாடுகிறார்கள். பாடல் முடியும்போது அவை வளர்ந்துகொண்டிருக்கின்றன. வளர்ந்தன, வளர்ந்தன, வளர்ந்தன என்று மூன்று முறை சொல்லி, காலில் ஆடும் சங்கிலியோடு பாடலை நிறுத்திவிடுகிறார் கச்மார்ஸ்கி.

இதைத் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் வேலை செய்த தோழர் ஒருவரிடம் சொன்னேன். பாடலைப் போட்டுக் காட்டி, வரிவரியாக என்ன சொல்கிறது என்று விளக்கினேன். கடைசிச் சரணம் வரும்வரை மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், அதன் பொருளைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். "சண்டை நடக்குற நேரத்துல சந்தேகத்தைப் பாட்டாக் கட்டிப் பாடுறவன் யாருக்கு உதவி பண்றான், சொல்லுங்க? அந்தச் சரணத்தைப் பாடாம விட்டது அந்த ஜனங்க செஞ்ச நல்ல காரியம்" என்றார். இதற்குச் சட்டென்று ஒரு பதில் வைத்திருந்தேன், சொல்லவும் சொன்னேன். அவர் ஏற்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் யோசித்துப் பார்த்தால் அவர் கேள்வி நான் நினைத்ததைவிடப் பெரியது. கச்மார்ஸ்கியின் வாழ்க்கை முழுக்கவே அந்தக் கேள்வியின் மேல்தான் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இயக்கம் பிறக்கும் முன்பே

முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும். 'முரி' எழுதப்பட்டது 1978-இல். அப்போது சாலிடாரிட்டி என்ற பெயரே கிடையாது. கச்மார்ஸ்கிக்கு வயது 21. வார்சா பல்கலைக்கழகத்தில் போலிஷ் மொழி இலக்கியம் படித்துக்கொண்டிருந்த மாணவர். ஆக, தோழர் சொன்னதுபோல் சண்டைக்கு நடுவில் எழுதிய சந்தேகமல்ல இது. சண்டைக்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாக, எந்தக் கூட்டமும் தன் பின்னால் இல்லாத நேரத்தில், ஒரு மாணவன் எழுதியது.

இன்னொன்று: மெட்டு அவருடையதல்ல. ஸ்பெயினின் கத்தலான் மொழிப் பாடகர் யூயிஸ் யாக் 1968-இல் எழுதிய 'லெஸ்தாக்கா' பாடலின் மெட்டு அது. பிராங்கோவின் சர்வாதிகாரத்தில், தடைசெய்யப்பட்ட மொழிக்காரர் ஒருவர், நாமெல்லாம் ஒரே முளைக்கம்பில் கட்டப்பட்டிருக்கிறோம், நீ அந்தப் பக்கம் இழு, நான் இந்தப் பக்கம் இழுக்கிறேன், உளுத்துப்போன கம்பு விழுந்துவிடும் என்று பாடினார். அந்தப் பாட்டை மேடையில் பாடக் கூடாது என்று தடை வந்தபோது யாக் வெறும் இசையை மட்டும் வாசிப்பார். அரங்கில் இருந்தவர்கள் சொற்களைப் பாடுவார்கள். கச்மார்ஸ்கி கேட்டது ஒரு நேரடி மேடைப் பதிவை. அதில் பாடகரின் குரலுக்கு மேல் கூட்டத்தின் குரல் ஏறிக்கொண்டே போவதைக் கேட்டதுதான் தன்னை எழுதவைத்தது என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதாவது அவரைப் பிடித்துக்கொண்டது முளைக்கம்பு அல்ல. படைத்தவன் கையிலிருந்து ஒரு பாட்டு பறந்துபோகும் அந்தக் கணம். யாக்கின் வரிகளை அவர் மொழிபெயர்க்கவில்லை. யாக்குக்கு நடந்ததைப் பற்றி ஒரு புதுப் பாட்டு எழுதினார்.

கூட்டத்தின் மீது 21 வயதுப் பையனுக்கு ஏன் இவ்வளவு அவநம்பிக்கை? அவர் பேட்டிகளில் சொன்னது சுருக்கமானது: எல்லா வெகுஜன இயக்கங்கள் மீதும் எனக்குள்ள அவநம்பிக்கையைப் பற்றிய பாட்டு அது. காரணத்தை நான் ஊகிக்கத்தான் முடியும். அவர் பிறந்தது 1957 மார்ச் 22, வார்சாவில். 1968-இல், அவருக்கு 11 வயது ஆகும்போது, போலந்து அரசே கூட்டம் கூட்டியது. தொழிற்சாலைகளிலிருந்து ஆட்களை அழைத்துவந்து, கையில் பதாகைகளைக் கொடுத்து, 'சியோனிஸ்டுகளை', அதாவது யூதர்களை, வெளியேற்று என்று கோஷம் போடவைத்தது. போரில் தப்பிப் பிழைத்து நாட்டில் மிஞ்சியிருந்த யூதர்களில் ஆயிரக்கணக்கானோர் அதன்பின் ஒருவழிப் பயணச் சீட்டோடு வெளியேறினார்கள். இரண்டே ஆண்டில், 1970 டிசம்பரில், கடற்கரை நகரங்களில் உண்மையான தொழிலாளர் கூட்டம் தெருவுக்கு வந்தபோது அதே அரசு சுட்டது. 40-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கூட்டத்தைத் தயாரிக்கவும் முடியும், கூட்டத்தைக் கொல்லவும் முடியும் என்று இரண்டையும் பார்த்த தலைமுறை அது. 'முரி'யில் தெருவில் இறங்கிய கூட்டம், இவன் நம்மோடு, இவன் நமக்கு எதிரி என்று பிரிக்கத் தொடங்கும் ஒரு வரி இருக்கிறது. அந்தக் குரலை அவர் கற்பனையிலிருந்து எடுத்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

சரணம் சரணமாக

பாடலை நிதானமாகக் கேட்டால் அது ஒரு கதை. முதல் சரணத்தில் ஓர் இளம் பாடகன். அவனைச் சுற்றிக் கணக்கற்ற பேர். விடியல் நெருங்கிவிட்டது என்று பாடி அவர்களுக்குப் பலம் தருகிறான். அவனுக்காக மெழுகுவர்த்திகள் ஏற்றுகிறார்கள், தலைகளுக்கு மேல் புகை எழுகிறது. பிறகு எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பல்லவி: கம்பிப் பற்களைச் சுவரிலிருந்து பிடுங்கு, விலங்கை அறு, சாட்டையை ஒடி, சுவர்கள் விழும், பழைய உலகத்தைப் புதைக்கும். கச்மார்ஸ்கி இதைக் கிடாரின் கம்பிகள் அறுந்துவிடுமோ என்று பயப்படும்படி அடித்துப் பாடுவார். கேட்பவர்கள் கால் தட்டாமல் இருக்க முடியாது. போலிஷ் தெரியாத என் வீட்டில்கூட ஒரு குழந்தை இந்தப் பல்லவிக்குக் குதித்திருக்கிறது.

இரண்டாம் சரணத்தில் அவர்களுக்குப் பாட்டு மனப்பாடம் ஆகிவிடுகிறது. சொற்கள் இல்லாமல் மெட்டே போதும், உடம்பு சிலிர்க்கிறது. கூடவே பாடுகிறார்கள், தாளத்துக்குக் கை தட்டுகிறார்கள். அந்தக் கைத்தட்டல் துப்பாக்கி வெடிப்பதுபோல் கேட்கிறது என்கிறார் கவிஞர். நான் மறுபடி மறுபடி நின்றுபோகும் இடம் இதுதான். இந்தப் பாட்டுக்குக் கை தட்டும் ஒவ்வொருவரும், அந்த வரி வரும்போது, பாட்டுக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் வேடத்தைத்தான் நடிக்கிறார்கள். பாடல் அவர்களை வெளியிலிருந்து பார்த்துத் திட்டவில்லை. உள்ளே இழுத்து, நீ இப்போது செய்வது இதுதான் என்று காட்டிவிட்டு, தாளத்தை விடாமல் அடித்துக்கொண்டே போகிறது. கைத்தட்டலை நிறுத்துகிறவனும் மாட்டிக்கொள்கிறான், நிறுத்தாதவனும் மாட்டிக்கொள்கிறான்.

மூன்றாவது சரணத்தில் அவர்கள் தாங்கள் எத்தனை பேர் என்று பார்த்துவிடுகிறார்கள். பலம் தெரிந்துவிட்டது. அதே விடியல் பாட்டோடு நகரத் தெருக்களில் போகிறார்கள், சிலைகளைச் சாய்க்கிறார்கள், பாவுகற்களைப் பெயர்க்கிறார்கள். இவன் நம்மவன், இவன் எதிரி. தனியாக இருப்பவன்தான் எல்லாரையும்விட மோசமான எதிரி. அடுத்த வரி, பாடகனும் தனியாகத்தான் இருந்தான் என்கிறது. அவன் பாடவில்லை. சீராக நடந்துபோகும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு, காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பிறகு பல்லவியின் அதே மெட்டு, அதே வேகம். ஆனால் சுவர்கள் வளர்கின்றன.

1980, 81-இல் மக்கள் பாடியபோது பெரும்பாலும் இந்தக் கடைசித் திருப்பம் இல்லை. முடிவிலும் விழும் விழும் என்றே பாடினார்கள். இதைச் சொல்லும் பலரும், போலந்துக்காரர்கள் உட்பட, மக்கள் பாட்டைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்று முடித்துவிடுகிறார்கள். நான் தோழரிடம் சட்டென்று சொன்ன பதிலும் அதுதான். ஆனால் இப்போது அது எனக்குப் போதவில்லை. பல்கலைக்கழக மாணவர்களும், பொறியாளர்களும், கவிதையை மனப்பாடமாகச் சொல்லும் தொழிலாளர்களும் இருந்த இயக்கம் அது. மூன்று சரணம் உள்ள பாட்டின் மூன்றாவது சரணம் அவர்களுக்குப் புரியாமல் போயிருக்குமா? ஆயுதம் ஏந்திய காவலர்கள் வாசலில் நிற்க, உள்ளே பயத்தோடு உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதன் தன் பக்கத்திலிருப்பவனோடு சேர்ந்து பாட ஒரு பாட்டு வேண்டும். அவனால் பல்லவியைத்தான் பாட முடியும். கடைசிச் சரணம் சேர்ந்து பாடுவதற்கானதல்ல, தனியாகக் கேட்பதற்கானது. தனியாக இருப்பவனைப் பற்றிய வரிகளைப் பத்தாயிரம் பேர் எப்படிச் சேர்ந்து பாடுவார்கள்? அந்த மட்டில் தோழர் சொன்னது சரி. ஜனங்கள் செய்தது அவர்களுக்குத் தேவையான காரியம்.

அதே சமயம், கவிஞரின் பக்கம் ஒன்று இருக்கிறது. அவர் அந்தச் சரணத்தை விடவில்லை. அரங்கு முழுக்க விழும் விழும் என்று எதிர்பார்க்கும்போதும் வளர்ந்தன என்றே பாடி முடித்தார். கூட்டம் தூக்கிக் கொண்டாடும் வேளையில் ஒரே ஒரு சொல்லை மாற்றிக்கொண்டால் போதும், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மாற்றவில்லை. கூட்டத்தை வெறுத்தார் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர் அந்த இயக்கத்தின் பக்கம்தான் நின்றார், அதற்காகவே பாடினார். தன் பக்கத்து ஆட்களிடமே அதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

டிசம்பர் 13

1981 டிசம்பர் 13 ஞாயிற்றுக்கிழமை காலை, நாட்டை ஆண்ட ஜெனரல் யாருசெல்ஸ்கி தொலைக்காட்சியில் தோன்றி இராணுவச் சட்டத்தை அறிவித்தார். தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கானோரை இரவோடு இரவாகப் பிடித்தார்கள், எல்லை மூடியது. கச்மார்ஸ்கி அப்போது பிரான்சில் இருந்தார். அவரோடு மூவர் குழுவாகப் பாடிவந்த ப்ஷெமிஸ்வாவ் கின்ட்ரோவ்ஸ்கியும் பியானோ வாசித்த ஸ்பிக்னியெவ் வாபின்ஸ்கியும் போலந்தில். 'முரி', 'சொர்க்கம்', 'அருங்காட்சியகம்' என்று மூன்று நிகழ்ச்சிகளை மூவரும் சேர்ந்து உருவாக்கி மேடையேற்றியிருந்தார்கள். ஒரே இரவில் அந்தக் குழு இரண்டு நாடுகளாகப் பிரிந்துபோனது.

இங்கேதான் பலர், பாட்டில் வரும் தனித்த பாடகன் அவரேதான், தன் விதியைத் தானே எழுதிக்கொண்டார் என்று உருகுவார்கள். எனக்கு அதில் ஈடுபாடில்லை. கவிஞன் ஜோசியன் அல்ல. நடந்தது அதைவிடச் சிக்கலானது. உள்ளே மாட்டிக்கொண்ட கின்ட்ரோவ்ஸ்கி தேவாலயங்களிலும் வீடுகளிலும் ரகசியமாகப் பாடினார். ஸ்பிக்னியெவ் ஹெர்பெர்ட்டின் கவிதைகளுக்கு மெட்டமைத்தார். வெளியே மாட்டிக்கொண்ட கச்மார்ஸ்கி, புலம்பெயர்ந்த போலந்துக்காரர்களுக்காக ஊர் ஊராகப் பாடிவிட்டு, 1984-இல் மியூனிக்கில், அமெரிக்கப் பணத்தில் கம்யூனிச நாடுகளுக்கு ஒலிபரப்பிய ரேடியோ ஃப்ரீ யூரோப் வானொலியின் போலிஷ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கென்று கால்மணி நேர நிகழ்ச்சி ஒன்று இருந்தது. இரைச்சலை ஒலிபரப்பி அந்த அலைவரிசையை அடைப்பார்கள். ஆட்கள் வானொலிப் பெட்டியைத் திருகித் திருகி, இரைச்சலுக்கு நடுவே அவர் குரலைத் தேடுவார்கள். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவு செய்து கைமாற்றிக் கொடுத்தார்கள். கடைசிப் பிரதியில் பாதி வெறும் உஸ்ஸென்ற சத்தமாக இருக்கும். கூட்டத்தைப் பார்த்துப் பாடிய மனிதர், சுவரைப் பார்த்துப் பேசும் ஒலிப்பதிவு அறைக்குள் பத்து ஆண்டுகள் இருந்தார்.

அந்த அறைக்குப் போகும் முன்பே, 1983-இல் எழுதியது 'நஷா கிளாசா', நம் வகுப்பு. என் கணக்கில் இதுதான் அவருடைய மிகச் சிறந்த பாடல். நம்ம வகுப்பு என்ன ஆச்சு என்று டெல் அவீவிலிருந்து ஆடம் கேட்கிறான். 1968-ஐ அறிந்த போலந்துக்காரருக்கு அந்த ஊர்ப்பெயர் ஒன்றே போதும். பிறகு ஒவ்வொருவராக வருகிறார்கள். ஒருவன் சுவீடனில், இருவர் கனடாவில், ஒருவனுக்குப் பாரிஸ் பழகிவிட்டது, ஒருத்தி மாட்ரிட்டில் ஒரு ஸ்பானியரைக் கட்டிக்கொள்ளப்போகிறாள். உள்ளூரிலேயே இருக்கும் ஒரு தம்பதிக்கு மாதம் ஓடுவதே பெரும்பாடு, மே மாதம் மூன்றாவது குழந்தை பிறக்கப்போகிறது, அவர்களும் மேற்கே போக ஆசைப்பட்டவர்கள்தான். பிலிப் மாஸ்கோவில் இயற்பியல் அறிஞன். மாச்சேக் டிசம்பரில் வீடுவீடாகத் தேடியபோது இறந்துபோனான். மாரெக் சிறையில் இருக்கிறான், மிஹாவைச் சுட மாட்டேன் என்று சொன்னதற்காக. இவர்கள் கதையை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான் வகுப்பு என்று தன்னையும் வரிசையில் சேர்த்துக்கொள்கிறார். இதில் கோபமே இல்லை, வெறும் வருகைப்பதிவு. போனவனையும் இருந்தவனையும், பதவி பெற்றவனையும் செத்தவனையும் ஒரே தொனியில் அழைத்துக்கொண்டே போகிறார். சுட மறுத்தவனுக்கென்று குரலைக்கூட உயர்த்தவில்லை. தோழருக்கு இந்தப் பாட்டைப் பிறகு அனுப்பினேன். "இது வேற ஆளு எழுதின மாதிரி இருக்கே" என்று பதில் வந்தது. ஒரே ஆள்தான். நம்மவன், எதிரி என்று கூறுபோட மறுத்த அதே மனம்தான் இங்கே பெயர் கூப்பிடுகிறது.

ஓவியங்களுக்குள் நுழைந்தவர்

'முரி' ஒன்றால் அவருக்கு நேர்ந்த பெரிய அநியாயம், மற்றவை மறைந்துபோனதுதான். அப்பா, அம்மா இருவரும் ஓவியர்கள். படங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, படங்களுக்குள்ளே போய் உட்கார்ந்து பாட்டு எழுதினார். யான் மாத்தேய்கோ 1866-இல் வரைந்த ஒரு புகழ்பெற்ற ஓவியம் இருக்கிறது. 1773-இல் அண்டை வல்லரசுகள் போலந்தைக் கூறுபோடும் ஒப்பந்தத்துக்குச் சட்டமன்றம் ஒப்புதல் தரும் நேரம்; ரேய்தன் என்ற உறுப்பினர் வாசலில் விழுந்து மார்பைத் திறந்து காட்டி, என் மேல் மிதித்துவிட்டுப் போங்கள் என்று தடுக்கிறார். போலந்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த காட்சி. வேறு யாராவது எழுதியிருந்தால் ரேய்தனின் வீரத்தைப் பாடியிருப்பார்கள். கச்மார்ஸ்கி ரஷ்யத் தூதரின் குரலை எடுத்துக்கொண்டார். பேரரசிக்குத் தூதர் எழுதும் அறிக்கைதான் பாட்டு. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, நாம் விரும்பியபடியே இருக்கிறது என்று தொடங்குகிறார். தரையில் கிடப்பவன் அந்த அறிக்கையில் ஒரு சிறு தொல்லை. அவமானம் எவ்வளவு ஆழம் என்று எதிரியின் அலுவலக நடையிலிருந்து தெரிந்துகொள்ளும்போது வலிக்கும் வலி, வீரப்பாட்டில் வராது.

ஃபெதோதவ் என்ற ரஷ்ய ஓவியர் தன் கடைசி ஆண்டுகளில் வரைந்த ஒரு சின்னப் படம்: பனிக்குள் புதைந்த ஏதோ ஓர் ஊரின் தாழ்வான குடிசையில், வேலையற்ற ஓர் இராணுவ அதிகாரி கட்டிலில் குப்புறக் கிடந்து, குச்சியை நீட்டி நாயைத் தாண்டவைத்துக்கொண்டிருக்கிறான். மறுபடி, மறுபடி. கச்மார்ஸ்கி அந்த அதிகாரியின் வாயால் பாடுகிறார். ஒரு பேரரசின் சலிப்பு முழுவதும் அந்த நாயின் முதுகுக்கு மேல் நீட்டிய குச்சியில் தெரிகிறது. ப்ரூகலின் தூக்குமரத்தையும், லிங்கேயின் பேருந்தையும், மால்செவ்ஸ்கியின் சைபீரியக் கிறிஸ்துமஸ் இரவையும் இப்படியே பாட்டாக்கினார். வரலாற்றை வகுப்பறையில் பொய்யாகச் சொல்லிக்கொடுத்த நாட்டில், ஒரு தலைமுறைக்கு வரலாற்று வகுப்பு நடத்தியது இந்தப் பாடல்கள்தான்.

ரஷ்யா என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருடைய குரு ஒரு ரஷ்யர். 1974-இல், 17 வயதில், வார்சாவில் ஒரு வீட்டில் விளாதிமிர் வைசோட்ஸ்கி பாடியதைக் கேட்டார். அடித்தொண்டையிலிருந்து கிழித்துக்கொண்டு வரும் அந்தக் குரலும், பாட்டைப் பாத்திரத்தின் வாயில் வைக்கும் உத்தியும் அங்கிருந்து வந்தவை. வைசோட்ஸ்கியின் ஓநாய் வேட்டைப் பாடலை ஒட்டி எழுதிய 'ஒப்வாவா' பாடலுக்குத்தான் 1977-இல் கிராக்கோவ் மாணவர் பாட்டு விழாவில் முதல் பரிசு கிடைத்தது. தன் நாட்டை அடக்கிய பேரரசையும், அந்தப் பேரரசின் கீழ் மூச்சுமுட்டிய கவிஞர்களையும் அவர் ஒருநாளும் குழப்பிக்கொள்ளவில்லை. ரஷ்யத் தூதரை எழுதிய அதே கைதான், ஸ்டாலின் காலத்து முகாமில் செத்த ரஷ்யக் கவிஞர் மண்டெல்ஷ்டாமுக்காகவும் எழுதியது.

சுவர் விழுந்த பிறகு

1989 ஜூன் 4 தேர்தலில் சாலிடாரிட்டி வென்றது. 1990 வசந்தத்தில் கச்மார்ஸ்கி போலந்துக்குப் பாட வந்தார். அரங்குகள் நிறைந்தன. கேசட்டின் உஸ்ஸென்ற சத்தத்தில் கேட்ட குரலை முதன்முறை நேரில் கேட்டவர்கள் அழுதார்கள். அவர்கள் கேட்ட பாட்டு எது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாட்டோடு அவருக்கு இருந்த உறவு அதற்குள் கசந்திருந்தது. பாட்டில் எழுதியதுபோலவே அந்தப் பாட்டுக்கு நடந்துவிட்டது என்று சொல்லிவந்தார். 1987-இலேயே 'முரி 87' என்று வேறொரு பாட்டு எழுதிப் பார்த்திருந்தார். அதை யாரும் கீதமாக்கவில்லை.

வீரனாகத் திரும்பியவர் வீரனாகவே அமர்ந்திருக்கலாம். புதிய போலந்தில் பாராளுமன்ற நாற்காலியும் பதவியும் அப்படிப் பலருக்குக் கிடைத்தன. அவர் 1995-இல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் குடிபோனார். நாவல்கள் எழுதினார், இடையிடையே போலந்து வந்து பாடினார். புதிய சுதந்திரத்தில் எழுந்த பக்திப் பெருமிதத்தையும் தேசப் பெருமிதத்தையும் 'சர்மாத்தியா' போன்ற தொகுப்புகளில் கேள்வி கேட்டார். அரங்கு முன்போல் நிறையவில்லை.

இந்த இடத்தில் ஒன்றை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் குடிநோயாளி, அதைத் தானே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், வீட்டில் அந்தக் குடியோடு வந்த வன்முறையையும் தன் பயத்தையும் அவருடைய மகள் பொதுவெளியில் சொன்னார். ரசிகர்கள் சிலர் மகள் மீதே பாய்ந்தார்கள். விடுதலைக் கவிஞரின் பெயரைக் கெடுக்கிறாள் என்று ஒரு பெண்ணைக் கூட்டமாகச் சேர்ந்து திட்டியவர்கள், மூன்றாவது சரணத்தை ஒருநாளும் கேட்டிராதவர்கள் என்றுதான் நினைக்கிறேன். தனியாக நின்று பேசியவள் அந்த மகள். பாடல்கள் மீது எனக்குள்ள மதிப்பு குறையவில்லை. ஆனால் அவர் வாழ்க்கையை யாராவது புனிதர் கதையாகச் சொன்னால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை.

2002-இல் தொண்டையில் புற்றுநோய் என்று தெரியவந்தது. குரல்வளையை எடுத்துவிடும் அறுவைக்கு அவர் சம்மதிக்கவில்லை. ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் போய் வேறு சிகிச்சைகள் செய்துகொண்டார். செலவுக்காக நாடெங்கும் கச்சேரிகள் நடத்திப் பணம் சேர்த்தார்கள். கேசட் கைமாற்றிய அதே தலைமுறை, அந்தக் கேசட்டுகளுக்கு ஒருநாளும் அவருக்குக் காசு போய்ச் சேராத தலைமுறை, இப்போது கொடுத்தது. எப்படியும் குரல் போய்விட்டது. கடைசி மாதங்களில் பேச முடியாமல் எழுதிக் காட்டினார், கவிதையும் எழுதினார். 2004 ஏப்ரல் 10, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை, க்தான்ஸ்கில் இறந்தார். வயது 47.

அவர் போனபின்னும் பாட்டு நிற்கவில்லை. சாலிடாரிட்டி ஆண்டுவிழா மேடைகளில் பாடுகிறார்கள். 2015-க்குப் பிறகு அரசை எதிர்த்துத் தெருவுக்கு வந்தவர்களும் அதையே பாடினார்கள். பெலரூஸ் கவிஞர் ஆந்த்ரெய் ஹதனோவிச் அதைத் தன் மொழிக்குக் கொண்டுபோனார். 2020 ஆகஸ்டில் பெலரூஸ் அதிபர் லுகஷென்கோ தேர்தலில் வென்றதாக அறிவித்தபோது, மின்ஸ்க் தெருக்களில் அந்த மெட்டு கேட்டது. பாடியவர்களில் பலர் இன்று நாடு கடந்து இருக்கிறார்கள், பலர் சிறைக்குப் போனார்கள். அவர்களிடம் போய், கடைசிச் சரணத்தையும் பாடியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தோழரின் கேள்வி அங்கே இன்னும் உயிரோடுதான் நிற்கிறது, என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒரு பாதி இருக்கிறது: சந்தேகத்தைப் பாடியவன் யாருக்கு உதவினான் என்றால், பாட்டு முடிந்து வீட்டுக்குப் போனபின் தனியாக உட்கார்ந்து யோசித்தவனுக்கு உதவினான். அப்படிப்பட்டவர்கள் எல்லா இயக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று பாட்டுகள் மிகக் குறைவு.

இவரைப் புதிதாகக் கேட்க விரும்புகிறவர்கள் 'முரி'யில் தொடங்க வேண்டாம் என்பேன். மாத்தேய்கோவின் ரேய்தன் ஓவியத்தைத் திரையில் பெரிதாக வைத்துக்கொண்டு அந்தத் தூதர் பாட்டைக் கேளுங்கள். பிறகு 'நஷா கிளாசா'. 'முரி'க்குப் பிறகு வரலாம். வரும்போது கின்ட்ரோவ்ஸ்கியும் வாபின்ஸ்கியும் சேர்ந்து பாடும் பழைய பதிவைத் தேடிப் பிடியுங்கள். மூன்று குரல்களும் பல்லவியில் ஒன்றாக ஏறுவதையும், கடைசிச் சரணத்தில் கச்மார்ஸ்கியின் குரல் என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள்.